புடையன் கடித்தால் கண் மூடுமா?

கடந்த ஓகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு மூன்று குடும்பமாகக் கில்பெயர் பூங்காவுக்குக் கூடாரம் அடிக்கப் போயிருந்தோம். ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 400இல் ஏறினால் வடக்கே மூன்று மணித்தியாலம்; பாறி சவுண்ட் தாண்டி ஜோர்ஜியன் குடாக் கரையில் இருக்கிறது. ஸ்காபரோத் தமிழர் பலர் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். கோழிக்கறிச் சட்டியும் இடியப்பப் பெட்டியும் வாகனத்தில் ஏறாமல் எங்கள் ஆட்கள் காட்டுக்குப் போவதில்லை என்பது வேறு கதை.

அங்கே பாம்புப் படத்துடன் ஒரு எச்சரிக்கைப் பலகை உண்டு. மசசோகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு. ஒன்ராறியோ முழுவதற்கும் இருக்கிற ஒரே விஷப் பாம்பு இதுதான். முழுதாக வளர்ந்தாலும் ஒரு முழம், ஒன்றரை முழம் வரும். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம். கூடாரத்துக்குப் பக்கத்தில் கண்டால் அடிக்கக்கூடாது, பூங்கா ஊழியர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் வந்து பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவார்கள். “பாம்பைக் கண்டா இவையளுக்கு ரெலிபோன் அடிக்கோணுமாம்” என்று எங்களோடு வந்த மாமா ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பலகையை முழுக்க வாசித்துவிட்டு வந்து கேட்டான்: “அப்பா, ஊரிலை பெரியப்பாவைக் கடிச்ச பாம்பும் இதும் ஒரே விஷமா?”

“ஓம், விஷம் எண்டா விஷம்தானே” என்று சொல்லிவிட்டு அடுப்பில் கிடந்த கோழியைப் புரட்டினேன். சொன்ன கையோடு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இதே விஷயத்தில் முன்பு ஒரு தடவை பெரிய பிழை விட்டவன் நான். அந்தப் பிழை ஒரு உயிரோடு சம்பந்தப்பட்டது.

மூன்று மாரிக்கு முந்தைய கதை. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிற என் பெரியம்மாவின் மகனை, பொழுதுபட்ட நேரம் வரம்பில் நடந்துவரும்போது கணுக்காலுக்கு மேலே பாம்பு கொத்திவிட்டது. கூட வந்தவர் அதை மண்வெட்டியால் அடித்துப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். லண்டன், பாரிஸ், சிட்னி, ரொறன்ரோ எல்லாம் அடங்கிய குழு அது. தலை நசுங்கி, சேறு பூசி, ஒன்றும் விளங்காத படம். ஒருவர் புடையன் என்றார். இன்னொருவர் மலைப்பாம்புக் குட்டி என்றார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் புடையன் என்பது நீங்கள் கண்ணாடி விரியன் என்று சொல்லும் அதே பாம்புதான்.

இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து அண்ணையின் மகன் எழுதினான்: “அப்பாவுக்கு கண் இமை தூக்கேலாமல் இருக்கு. எல்லாம் ரண்டு ரண்டாத் தெரியுதாம்.”

நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். பொறியியல் படித்தவன், கூகிள் கையில் இருக்கிறது, சும்மா இருக்க முடியுமா? ஒரு ஆங்கிலப் பக்கத்தில் அட்டவணை தெளிவாக இருந்தது. விரியன் வகை இரத்தத்தைத் தாக்கும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், கண் இமை விழுவதுதான் முதல் அறிகுறி. உடனே குழுவில் எழுதினேன்: “இது புடையன் இல்லை. நாகம் அல்லது கட்டுவிரியன். டொக்டரிட்டை உடனே சொல்லுங்கோ.” பாரிஸிலிருந்து இரண்டு பேர் கை கூப்பிய படம் போட்டார்கள். பெடியன் என் செய்தியை அப்படியே விடுதி டொக்டரிடம் நீட்டியிருக்கிறான்.

அந்த இளம் பெண் டொக்டர் போனைப் பார்க்கவேயில்லையாம். மேசையில் நின்ற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிச் சரித்துக் காட்டியிருக்கிறா. அண்ணையின் கையிலிருந்து எடுத்த இரத்தம், இருபது நிமிடம் அசையாமல் வைத்தது. உறைந்திருக்க வேண்டும், தண்ணீர் மாதிரி ஓடியது. “இரத்தம் உறையேல்லை, கண்ணும் விழுகுது. எங்கட நாட்டுப் புடையனுக்கு இரண்டு வேலையும் தெரியும்” என்று சொல்லிவிட்டு விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டா.

அவ சொன்னது சரி. நான் சொன்னது பிழை. என் செய்தியை அவ பொருட்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் யோசிப்பேன். அந்த அட்டவணை ஏன் பொய்த்தது என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு மூலம்.

பாம்பு விஷத்தை உலர்த்தினால் மிஞ்சுவதில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். ஒரு புரதம் இல்லை, பல பத்து, சில பாம்புகளில் நூறுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. ஆய்வாளர்கள் முதலில் விஷத்தைத் திரவமாக ஒரு குழாய்க்குள் ஓட்டிப் பிரிக்கிறார்கள், பிறகு ஜெல்லில் ஓட்டி எடைவாரியாக அடுக்குகிறார்கள், கடைசியில் துண்டுகளாக வெட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றரில் நிறுத்து, எந்தத் துண்டு எந்தப் புரதத்துக்கு உரியது என்று தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். முடிவில் கிடைப்பது ஒரு சமையல் குறிப்பு மாதிரி: இது இத்தனை சதவீதம், அது இத்தனை சதவீதம். ஸ்பெயினின் வலென்சியா நகரில் குவான் கல்வெத்தேயின் குழு 2004இல் இந்த முறைக்குப் ‘பாம்பு விஷவியல்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து ஒரு விஷத்தை முழுக்கப் பிரித்துக் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட பாம்பு அமெரிக்காவின் குள்ளக் கிலுகிலுப்பைப் பாம்பு. கில்பெயர் மசசோகாவுக்குச் சொந்த மச்சான்.

இந்தப் புரதங்கள் எங்கிருந்து வந்தன என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சுலபமாக விளங்கும். ஓடிக்கொண்டிருக்கிற கோடில் கை வைத்தால் எல்லாம் விழுந்துவிடும். ஆகவே ஒரு கொப்பி எடுத்து, கொப்பியில் மாற்றம் செய்வோம். பாம்பும் அதைத்தான் செய்திருக்கிறது. கொழுப்பைச் செரிக்க நம் கணையத்திலும் சுரக்கிற பொஸ்போலைப்பேஸ் என்ற நொதியின் மரபணுவில் ஒரு கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன மாற்றம். கோடிக்கணக்கான வருடத்தில் ஒரு கொப்பி தசையைக் கரைக்கிறது, இன்னொன்று நரம்பு முனையை அழிக்கிறது, இன்னொன்று இரத்தம் உறைவதைக் குழப்புகிறது. பெயர்ப்பலகை மட்டும் எல்லாவற்றுக்கும் பொஸ்போலைப்பேஸ் ஏ2 தான். குடும்பப் பெயரைப் பார்த்து ஆள் என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல முடியாது அல்லவா, அப்படி.

இனி ஊர்ப் பாம்புகளை எடுத்துக்கொள்வோம். நாகத்தின் விஷத்தில் பெரும்பகுதி ‘மூவிரல் நச்சு’ என்கிற சின்னப் புரதங்கள். மூன்று விரலை நீட்டிய கை மாதிரி வடிவம். அதில் ஒரு ரகம் நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் பூட்டில் போய் உட்கார்ந்து சாவி நுழையாமல் அடைத்துவிடும். இமை விழும், பிறகு மூச்சு நிற்கும். அதே வடிவத்தில் இன்னொரு ரகம் செல்லின் சவ்வைக் கிழிக்கும். கடித்த இடம் கறுத்து அழுகும். கட்டுவிரியனின் கதை வேறு. அதன் விஷத்தில் மூவிரல் நச்சும் உண்டு, ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பீற்றா பங்காரோடொக்சின் என்கிற பொஸ்போலைப்பேஸ். அது பூட்டை அடைப்பதில்லை, நரம்பின் நுனியையே உள்ளிருந்து நாசமாக்குகிறது. நாகம் கடித்தவருக்கு மருந்து ஏற்றினால் அடைத்ததை விலக்க வழியிருக்கிறது. கட்டுவிரியன் அழித்த நரம்பு நுனி புதிதாக முளைக்கும்வரை நாட்கணக்கில் சுவாச இயந்திரத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் இமைதான் விழுகிறது, உள்ளே நடப்பது ஒன்றில்லை. அதிலும் கட்டுவிரியன் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரை நித்திரையில் கடிக்கும். வலிக்காது, தடம் தெரியாது. விடிய வயிற்று வலி என்று எழும்புவார்கள். ஊரில் எத்தனை பேர் ‘நித்திரையிலேயே போயிட்டார்’ என்று சொல்லப்பட்டவர்களோ.

புடையனிடம் இருப்பது வேறு கூட்டணி. இரத்தம் உறைவதற்கு நம் உடம்பில் படிப்படியாக ஒரு வரிசை இருக்கிறது. புடையன் விஷத்தின் ஒரு மெட்டலோபுரோட்டினேஸ் பத்தாம் காரணியையும், ஒரு செரின் புரோட்டியேஸ் ஐந்தாம் காரணியையும் கண்டபடி தூண்டிவிடும். உறைய வேண்டிய சரக்கெல்லாம் ஒரேயடியாகச் செலவாகி முடிந்துவிடும். பிறகு ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மாதிரி ஓடியது இதனால்தான். இதுவரை என் ஆங்கில அட்டவணை சரி. ஆனால் 2015இல் வெளியான ஒரு ஆய்வு இலங்கைப் புடையனின் விஷத்தைப் பிரித்தபோது ஏறத்தாழ 35 சதவீதம் பொஸ்போலைப்பேஸ் ஏ2 ஆக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நரம்பு முனையைத் தாக்கும் ஒன்று இருப்பதை ரஜரட்ட பல்கலைக்கழகத்தின் அஞ்சன சில்வாவும் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மூச்சை நிறுத்துமளவு பலம் அதற்கு இல்லை. இமையை விழுத்தவும் பார்வையை இரண்டாக்கவும் போதும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் புடையன் கடித்தவர்களிடம் இதை டொக்டர்மார் பல காலமாகப் பார்த்து வருகிறார்கள். அந்தப் பெண் டொக்டருக்குத் தெரிந்ததற்கும் எனக்குத் தெரியாததற்கும் இடையிலே கிடந்தது ஒரு சின்னப் புரதம்.

சரி, இலங்கைப் புடையன் ஒரு மாதிரி என்றால் மற்ற இடத்துப் புடையன்? பர்மாவில் அதன் நெருங்கிய உறவுப் பாம்பு கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி கெட்டுப்போய், உடம்பு முடி உதிர்ந்து, வாழ்நாள் முழுக்க ஹோமோன் குறைபாட்டோடு இருக்கிறார்கள். 1987இல் லான்செட் இதழில் இது வந்தது. இலங்கையில் அது அரிது. சுருட்டையை எடுத்தாலும் அப்படித்தான். இந்தியாவின் வறண்ட பகுதிகளில் அது ஆட்களைக் கொல்கிற பாம்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டு மணலில் அதே சுருட்டை தாராளமாக இருக்கிறது, கடிக்கவும் செய்கிறது, ஆனால் கடி அநேகமாக லேசாகவே போய்விடுகிறது என்று யாழ். போதனா வைத்தியசாலை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் சொன்னது. சின்ன வயதில் சுருட்டைக்கு நாங்கள் பயந்த பயத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் இதை வாசித்துவிட்டு யாரும் சுருட்டையைக் கையில் பிடிக்க வேண்டாம்.

எல்லாப் பாம்பும் இப்படி ஊருக்கு ஊர் மாறுவதாகவும் இல்லை. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் மூன்று நாட்டுக் கட்டுவிரியன்களை 2017இல் ஒப்பிட்டபோது விஷங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. அப்படியிருந்தும் மருந்து எல்லாவற்றையும் ஒரே அளவில் பிடிக்கவில்லை. எந்தப் பாம்பு மாறும், எது மாறாது என்பதை வீட்டிலிருந்து யோசித்துச் சொல்ல முடியாது; எடுத்துப் பார்க்க வேண்டும். ஏன் மாறுகிறது என்பதற்கு ஒரு விடை சாப்பாடு. மலாயன் குழிவிரியன் எந்த ஊரில் எதைத் தின்கிறதோ அதற்கேற்ப விஷம் மாறுகிறது என்று 1996இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நம்முடைய மசசோகாவிலும் அதையே கண்டார்கள்: எலி தின்கிற மசசோகாவின் விஷம் எலிக்குக் கூடுதல் நஞ்சு, தவளையும் பல்லியும் தின்கிற குள்ளக் கிலுகிலுப்பையின் விஷம் எலிக்கு அவ்வளவு இல்லை. பாம்பு மனிதரைக் கொல்ல விஷம் வைத்திருக்கவில்லை. எங்கள் தானியத்தைத் தேடி எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது, நடுவில் அண்ணையின் கால் வந்துவிட்டது.

மருந்துக்கு வருவோம். பிரெஞ்சு மருத்துவர் அல்பெர்ட் கல்மெத் 1890களில் நாக விஷத்தை விலங்குக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து முதல் முறிவு மருந்தை எடுத்தார். எல்லாப் பாம்புக்கும் இது ஒன்றே போதும் என்று நம்பினார். பிரேசிலின் வித்தால் பிரசில் பிழை என்று காட்டினார்: எந்தப் பாம்பின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றினாயோ அதற்குத்தான் மருந்து. நூறு வருடத்துக்கு முந்திய அந்த முறையைத்தான் இன்றும் பாவிக்கிறோம். இந்தியாவில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைகளுக்கு ஏற்றி ஒரே குப்பியில் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தில் மிகப் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தியபின் வேலை இழந்த இருளர்களுக்காக, ரொமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் தொடங்கிய சங்கம் அது. பாம்பைப் பிடித்து மண்பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றித் தமிழ்ச் சமூகம் இன்னும் பெருமையாகப் பேசலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானிலும் வேலை செய்யுமா? அருணாசலப் பிரதேசத்தில்? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு 2019 முதல் இதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறது. ஒரே இனத்து நாகமும் கண்ணாடி விரியனும் இடத்துக்கு இடம் விஷக் கலவையில் மாறுவதையும், சில இடத்து விஷத்தை மருந்து சரியாகப் பிடிக்காமல் விடுவதையும் அவர்கள் எலிகளில் காட்டினார்கள். மேற்கிந்தியாவின் சிந்துக் கட்டுவிரியன் விஷம் நாகத்தைவிட 40 மடங்கு கடுமையானது. அந்தப் பாம்பு நான்கு பேர் பட்டியலிலேயே இல்லை.

இலங்கைக்கும் இந்தக் குப்பிதான் வருகிறது. நன்றியோடு சொல்ல வேண்டும்: அண்ணையைக் காப்பாற்றியது அதுதான். ஒரு மில்லிலீற்றர் மருந்து 0.6 மில்லிகிராம் புடையன் விஷத்தை முறிக்கும் என்பது கணக்கு, பத்து மில்லிலீற்றர்க் குப்பிக்கு 6 மில்லிகிராம். வளர்ந்த புடையன் ஒரு கடியில் 60 மில்லிகிராம் அளவுக்குக்கூட இறக்கக்கூடும். அண்ணைக்கு 20 குப்பி ஏற்றினார்கள். அவ்வளவு குதிரைப் புரதம் உள்ளே போனால் உடம்பு சும்மா இருக்குமா? அரை மணித்தியாலத்தில் நடுக்கம், தடிப்பு, இரத்த அழுத்தம் விழுந்தது. இலங்கை வைத்தியசாலைகளில் 1007 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு மருந்துக்கே ஒவ்வாமை வந்தது. முன்கூட்டியே குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறையும் என்று நிரூபித்ததும் அதே ஆய்வுதான். அதற்குப் பிறகு அண்ணையின் சிறுநீரகம் வேலையை நிறுத்தியது. வேறு வைத்தியசாலைக்கு மாற்றி இரண்டரைக் கிழமை டயலிசிஸ். பிழைத்துவிட்டார்.

இலங்கையில் ஆட்களை அதிகம் கடிக்கிற பாம்புகளில் ஒன்று மூக்கு நுனி மேலே வளைந்த ஒரு சின்ன விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். 2008இல் வெளியான ஆய்வில், பாம்போடு வைத்தியசாலைக்கு வந்த 860 பேரில் 302 பேரைக் கடித்தது இதுதான். அநேகருக்கு வீக்கத்தோடு போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் போகும், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். இந்தியக் குப்பியில் இதற்கு மருந்தே கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகம் கொஸ்தா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தையே கொண்டு, இந்தச் சின்ன விரியனையும் சேர்த்து ஒரு மருந்தை உருவாக்கியது. ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வந்தன. அண்ணைக்கு ஏற்றியது அதுவல்ல, இந்தியக் குப்பிதான்.

2016இல் வந்த தேசியக் கணக்கெடுப்பு இலங்கையில் ஒரு வருடத்தில் 80,000க்கு மேல் பாம்புக்கடி, 400க்கு மேல் மரணம் என்றது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 12 இலட்சம் பேர், சராசரியாக வருடம் 58,000 பேர். இனி ஒன்ராறியோ: மசசோகா கடித்து இறந்ததாகப் பதிவானவர்கள் மாகாண வரலாறு முழுவதிலும் இரண்டே பேர். அந்த ஒற்றைப் பாம்புக்கான மருந்தை மாகாணத்துக்கென்று பாறி சவுண்ட் வைத்தியசாலையில் சேமித்து வைத்து, தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்புகிறார்கள். பணக்கார நாடு, செய்கிறது, நல்லது. மசசோகா விஷத்தில் இருப்பதும் மெட்டலோபுரோட்டினேஸ், பொஸ்போலைப்பேஸ், செரின் புரோட்டியேஸ்தான். புடையனிடம் உள்ள அதே குடும்பங்கள், அளவு வேறு, உள்ளே ஆட்கள் வேறு. இங்குள்ள மருந்து கிளிநொச்சியில் உதவாது, அங்குள்ளது இங்கே உதவாது. மகனின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான். அடுத்த நாள் காலை ரீ குடிக்கும்போது அவனிடம் திருத்திச் சொன்னேன். “அப்ப நேற்று ஏன் சும்மா சொன்னனீங்கள்?” என்று கேட்டான். கோழி கருகிவிடும் என்றேன்.

ஊர்ப் பாம்பு எங்களைவிட முன்னரே கனடாவுக்கு வந்துவிட்டது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமிக்குக் காலில் இரத்தக் கட்டி வந்தபோது செய்த பரிசோதனைத் தாளில் ஒரு வரி, மொழிபெயர்த்தால் ‘நீர்த்த ரசல் விரியன் விஷ நேரம்’. ரசல் விரியன் என்றால் புடையன். அதன் விஷம் பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டும் என்பதால், இரத்தத்தில் உறைதலைக் குழப்பும் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் அதைப் பாவிக்கிறார்கள். 1934இலேயே லண்டனில் மக்ஃபர்லேனும் பார்னெட்டும் இரத்தம் உறையாத நோயாளிகளின் காயத்தில் புடையன் விஷத்தைத் தடவி இரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். மாரடைப்பு நேரத்தில் கொடுக்கும் தைரோஃபிபான் என்ற மருந்துக்கு மாதிரியாக இருந்தது சுருட்டை விஷத்துப் புரதம் ஒன்று. எத்தனை பேரின் உயிரில் சுருட்டைக்கும் பங்கு இருக்கிறதோ. மாமியிடம் சொன்னேன். “நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைச்சனான், அதுதான்” என்றா. மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

புதிய வழிகளும் வருகின்றன. 2024இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சுனகரின் குழுவும் சேர்ந்து, பல நாட்டு நாகக் குடும்பப் பாம்புகளின் நரம்பு நச்சைப் பிடிக்கும் ஒரு செயற்கை எதிர்ப்பொருளை அறிவித்தார்கள். 2025 தொடக்கத்தில் டேவிட் பேக்கரின் குழு மூவிரல் நச்சைப் பிடிக்கும் புரதத்தைக் கொம்பியூட்டரிலேயே வடிவமைத்து எலிகளில் காட்டியது, ஏ.ஐ. பற்றி வாயைப் பிளக்கிற என் நண்பர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால் இரண்டும் மூவிரல் நச்சுக்குத்தான். புடையனின் கலவைக்கு ஒரு சாவி போதாது. எலியிலிருந்து கிளிநொச்சி விடுதிக்கு வர எத்தனை வருடமோ.

அதுவரை என்ன செய்யலாம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, சிலருக்குப் பிடிக்காது. ஊர் வைத்தியசாலைகளுக்கென்று நாங்கள் இங்கே நடைபவனி நடத்துகிறோம், இராப்போசன விருந்து வைக்கிறோம். பெயர் பொறித்த கட்டடமும் வர்ணம் பூசிய வாகனமும் படத்துக்கு நன்றாக இருக்கும். டயலிசிஸ் இயந்திரத்துக்கு உதிரிப்பாகமும், இலங்கைப் பாம்புகளின் விஷத்தைச் சேகரித்து வைக்கும் ஆய்வுகூடத்துக்கு உறைகுளிரூட்டியும், வடக்கில் எந்தக் கிராமத்தில் எந்தப் பாம்பு கடிக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு ஆய்வு மாணவருக்குச் சம்பளமும் படத்தில் தெரியாது. நான் இருக்கிற பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “தம்பி, பாம்புக்கெல்லாம் ஆர் காசு குடுப்பினம்?” என்று ஒரு அண்ணை கேட்டார். அடுத்த கூட்டத்திலும் சொல்வதாக இருக்கிறேன். தமிழ்நாடு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கணக்கு இருந்தால்தானே மருந்தை எங்கே அனுப்புவது என்று தெரியும்.

வட்ஸ்அப் டொக்டர் வேலையை நான் விட்டுவிட்டேன். ஊரிலிருந்து பாம்புப் படம் வந்தால் எழுதுவது ஒரே வரி: “கடிச்ச காலை ஆட்டாமல், கட்டாமல், கீறாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.” பாம்பை அடிக்க மினக்கெடவும் வேண்டாம். கண்ணாடிக் குழாய்க்குப் பாம்பின் பெயர் தேவையில்லை.

அண்ணை திரும்ப வயலுக்கு இறங்கியதும் போனில் பேசினேன். முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ் ஒரு சோடி அனுப்பட்டுமா என்று கேட்டேன். “அனுப்பு தம்பி, ஒன்பதாம் நம்பர்” என்றார். கனேடியன் ரயரில் தேடி, பாரம் குறைந்ததாக வாங்கி, ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் திணித்து அனுப்பினேன். போன மாதம் அவரின் மகன் ஒரு படம் போட்டான். வரம்பில் இரண்டு தடி நட்டு, அதில் பூட்ஸ் இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அண்ணை முழங்கால் அளவு சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறார். “சித்தப்பா, சேத்துக்குள்ளை அது கழண்டு கழண்டு போகுதாம். வரம்பிலை நடக்கேக்கை மட்டும் போடுறார்” என்று கீழே எழுதியிருந்தான்.

அவரைக் கடித்ததும் வரம்பில்தான். ஒன்றும் சொல்லவில்லை.